உப்புக்காற்றில் கிடந்த தோட்டாக்கள்

உலகச் சண்டை முடிந்த மாரியில், கதிர் முற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நறுவிலிக்குளத்து வயல்களுக்குள் ஒற்றை யானை ஒன்று இறங்கியது. முதலில் சீவரத்தினத்தின் கீழ்த்துண்டைத் தின்றது. பிறகு அவனுடைய தங்கை அன்னப்பிள்ளையின் வயலில் பாதியை உழக்கிவிட்டுப் போனது. தகரம் தட்டினார்கள், பந்தம் கொளுத்தினார்கள். இரண்டுக்கும் அது பழகிவிட்டது.

சீவரத்தினத்திடம் தகப்பன் விட்டுப்போன பழைய பட்டாளத்துத் துவக்கு ஒன்று இருந்தது. லைசனும் இருந்தது. தோட்டாதான் இல்லை. சண்டைக் காலம் முழுக்கக் கடைகளில் அதைக் கண்ணாலும் காணமுடியவில்லை; இப்போது வந்ததோ எட்டாத விலை. பட்டாளம் கலைத்துவிட்டுப்போன முகாமின் சாமான்களை மன்னார்க் கடைத்தெருவில் மர்சூக் என்ற வியாபாரி ஏலத்தில் எடுத்து மலிவாக விற்கிறார் என்று கேள்விப்பட்டதும், தங்கை புருசன் யோகராசாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

கித்தான் கூடாரங்களுக்கும் சப்பாத்துக் குவியலுக்கும் பின்னாலிருந்து மர்சூக் ஒரு பெட்டியை இழுத்தெடுத்தார். தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது.

“உள்ளதைச் சொல்லுறன் தம்பி. கடற்கரைக் கொட்டிலில உப்புக்காத்துக்குள்ள கிடந்த சாமான். அதாலதான் இந்த விலை. வெடிச்சுப் பாருங்கோ. சரியில்லாட்டித் திருப்பித் தாங்கோ.”

சீவரத்தினம் தயங்கினான். யோகராசாதான், “துடைச்சாச் சரிவரும் மச்சான். இதை விட்டா எங்களுக்கு வேற வழி என்ன?” என்று பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். தூக்கும்போது சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தோட்டாவைத் துடைத்து, வெட்டிப்போட்ட பனைக்குற்றியில் சுட்டுப் பார்த்தார்கள். கணீரென்று வெடித்தது. அந்த ஒன்று வெடிக்காமல் இருந்திருந்தால் பெட்டி மறுநாளே மர்சூக்கிடம் திரும்பிப் போயிருக்கும்.

அன்று மாலை, வெயில் இன்னும் இருக்கும்போதே, யானை குளக்கட்டால் இறங்கி வந்தது. யோகராசா பக்கத்து வரம்பில் நின்று கூக்குரல் வைத்தான். சீவரத்தினம் குறிபார்த்து விசையை இழுத்தான். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான். யானை திரும்பிப் பார்த்தது.

“வெடிக்குதில்லை மச்சான், ஓடு!” என்று கத்தியபடி அவன் யோகராசாவின் பக்கம் திரும்பினான். கையிலிருந்த துவக்கும் திரும்பியது. அப்போதுதான் தோட்டாவுக்குள் கிடந்து புகைந்த வெடிமருந்து பிந்திப் பற்றி, குண்டு பாய்ந்தது.

யானை வெருண்டு காட்டுக்குள் ஓடியது. யோகராசா விழவில்லை. களைத்துப்போனவன் மாதிரி மெல்ல வரம்பில் குந்தினான். “என்ன மச்சான்…” என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டுவண்டியிலேயே, மச்சானின் மடியில் உயிர் போனது.

விசாரணையில் தற்செயல் என்று தீர்த்து, துவக்கை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள். மறியலில் அடைத்துப் போட்டிருந்தால் நல்லது என்று சீவரத்தினத்துக்குப் பட்டது. செத்த வீட்டுக்கு மர்சூக் வந்து, உள்ளே வரத் துணியாமல் படலையடியில் நின்றார். அந்த மனிதர் பொய் சொல்லி விற்றிருந்தாலாவது வாய் நிறையத் திட்டியிருக்கலாம். சீவரத்தினத்துக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

யானை பிறகு வரவேயில்லை. மிஞ்சிய கதிரைச் சீவரத்தினமே அரிந்து, சூடடித்து, நெல்லைத் தங்கையின் வளவுக்கு ஏற்றி வந்தான். அன்னப்பிள்ளை வாசலில் நின்றாள்.

“உள்ள அடுக்கிவிட்டுப் போங்கோ அண்ணை. எனக்கு உங்களில கோவம் இல்லை. ஆனா உங்களைப் பாக்கேக்க அவர்தான் தெரியிறார். என்னால ஏலாது. இனி இஞ்ச வராதேங்கோ.”

மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே சுமந்தான். கடைசி மூட்டையை வைத்துவிட்டு, சரியாக இருந்ததையே எடுத்து மறுபடி அடுக்கினான். அதையும் செய்து முடித்த பிறகு, அங்கே நிற்க அவனுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.