மாடித் திருப்பம்

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க," என்றான் தம்பி. தூக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இருந்த அலமாரியில் ஸ்ட்ரெச்சர் மறுபடியும் இடித்து நின்றது. அப்பாவின் தலை லேசாக அசைந்தது. பின்னால் வந்த மகள் தன்னையறியாமல் கை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க திரும்பாது சார். கயித்துல கட்டி, நிக்க வெச்சுத்தான் இறக்கணும்," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

அப்பா இறந்த செய்தி கேட்டு வெளிநாட்டிலிருந்து காலையில்தான் வந்திருந்த தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சவரு. சொந்த வீட்ல கோட்டை விட்டுட்டாரே."

அவளுக்குச் சுருக்கென்றது.

அப்பா பட்டாளத்தில் இருந்தபோது, குண்டடி பட்ட நண்பனை ஒரு வீட்டு மாடியிலிருந்து இறக்கியிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. சாய்த்து, நிமிர்த்தி, வெளியே கொண்டுவருவதற்குள் நண்பன் போய்விட்டான். பிறகு கட்டடக்கலை படித்து அவர் வரைந்த வீடுகளில் எல்லாம் மாடித் திருப்பம் அகலமாக இருக்கும். இடம் வீணாகிறது என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். மனிதர் ஓர் அங்குலம் விட்டுத்தர மாட்டார்.

மகளுக்கு மட்டும் விட்டுத்தந்தார்.

"நடந்து போறவனுக்கு எந்தத் திருப்பமும் போதும்மா. தூக்கிட்டுப் போறவங்களுக்குத்தான் இடம் வேணும்," என்றார், திருப்பத்தில் அலமாரி செய்யத் தச்சர் பலகையோடு வந்து நின்ற அன்று.

"நீங்க இன்னும் நூறு வருஷம் நடப்பீங்கப்பா. என் துணிமணிக்குத்தான் போக்கிடம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன் பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அலமாரியை உள்ளங்கையால் தொட்டுவிட்டுப் போவார். அப்பாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர் கயிறு எடுக்கக் கீழே இறங்கப் போனார்.

"கட்ட வேணாம்," என்றாள். "அப்பாவை மறுபடி கட்டில்ல படுக்க வைங்க."

"என்னக்கா?"

"அப்பா கோட்டை விடலடா. இது நான் வெச்சது. வேணாம்னு சொன்னாரு. நான் கேக்கல."

தம்பி கீழே போய்க் கடப்பாரையோடு வந்தான்.

அவள் துணிகளை அள்ளி அள்ளி அறைக்குள் எறிந்தாள். அவன் ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்தான். பின்னால் இருந்த சுவரில் பெயின்ட் மங்காமல் அப்படியே இருந்தது.

அப்பாவை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருப்பம் வந்ததும் தூக்கியவர்கள் தோளை ஒடுக்கிக்கொண்டார்கள். ஒடுக்கியிருக்கவே வேண்டாம். யாருடைய முழங்கையும் சுவரில் படவில்லை.