மஞ்சள் இலைக்கு ஒரு பதில்

சிறு கடைகளுக்கு இணைய விளம்பரம் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. ஒற்றை அறை வீட்டிலிருந்தே எல்லாம் போனில் முடிந்துவிடும். பல நாள் ஒருவர் முகத்திலும் விழிக்க வேண்டியிருக்காது.

செடிக்கடைக்காரர் ஒருவரிடம், "தினமும் ஒரு படம் போடுங்க. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லுங்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவர் அழைத்தார். "படம் போட்டுட்டேதான் இருக்கேன் மேடம். கேக்கத்தான் ஒரு நாதி இல்ல."

மனசு கேட்காமல் அவளே வேறொரு பெயரில், 'என் ரோஜா இலை மஞ்சளாகுது, என்ன செய்யலாம்?' என்று எழுதிப்போட்டாள். அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். கடைசியில், 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்றும் கேட்டிருந்தார். அவளை யாரும் அப்படிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அன்றிலிருந்து தினமும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

ஒருநாள் அவர் போனில் குதூகலமாகச் சொன்னார். "ஒரு அம்மா தினமும் பேசுறாங்க மேடம். வந்தா குடுக்கணும்னு நல்ல ரோஜாவா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். "அது நான்தாங்க. எங்கிட்ட செடியே இல்ல."

மறுமுனையில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல," என்றார் பிறகு. "நாளைக்கும் ஏதாவது கேளுங்க."