நூற்றுக்கு எண்பது

வீட்டு வாசலிலிருந்து தெருவரை ஊசியிலைக் கொத்துகளைப் பரப்பிக்கொண்டிருந்தார் ட்ரோல்ஸ். ஊர் வழக்கப்படி சவப்பெட்டி அதன் மேல்தான் போக வேண்டும். இடைவெளி விடாமல் போடச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள் போடில், அண்ணன் மனைவி.

அண்ணன் எய்னர் ஸ்வென்போர்க் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ட்ரோல்ஸ் கடலுக்கு அந்தப் பக்கம், கோபன்ஹேகனில் இயற்பியல் பேராசிரியர். யாரும் பார்க்காதபோதும் எலக்ட்ரானுக்கு நிஜமான ஒரு பாதை உண்டு என்பார் அண்ணன். அளந்து பார்க்கும்வரை இருப்பது நிகழ்தகவு மட்டுமே, எங்கே இருந்தது என்ற கேள்விக்கே பொருளில்லை என்பார் தம்பி. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இந்தச் சண்டை வரும்.

"அடுப்புல இருக்கற வாத்து, திறந்து பாக்கறவரைக்கும் வெறும் வாய்ப்புதானாடா?" என்று எய்னர் சீண்டுவார். கருகினால் மட்டும் நிஜமாகிவிடும் என்பாள் போடில்.

படுக்கையில் கிடந்த அண்ணன் எத்தனை நாள் தாங்குவார் என்று செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் தொலைபேசியில் கணக்காகக் கேட்டு வாங்கியது ட்ரோல்ஸ்தான். ஞாயிறுவரை தாங்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு. வெள்ளிவரை வகுப்புகள் இருந்தன. சனிக்கிழமை ரயில் போதும் என்று முடிவு செய்தார். வேறு யாராக இருந்தாலும் மீதி இருபதுக்குப் பயந்து அன்றே கிளம்பியிருப்பார்கள்.

எய்னர் வியாழக்கிழமை இறந்தார்.

"நீ சனிக்கிழமைதான் வருவேன்னு நான் அவர்கிட்ட சொல்லல," என்றாள் போடில். "கிளம்பிட்டேன்னே நெனச்சாரு."

ட்ரோல்ஸ் அடுத்த கொத்தை எடுத்து வைத்தார்.

"வியாழக்கிழமை காலையிலேர்ந்து உன் பயணத்தையே சொல்லிட்டிருந்தாரு. இப்ப கப்பல்ல ஏறியிருப்பான். இப்ப நைபோர்க் துறைமுகத்துல இறங்கியிருப்பான். நம்ம கண்ணுல படலைன்னா அவன் இல்லாமப் போயிடுவானான்னு என்னைக் கேட்டாரு. மூணு மணிக்கு, கேட்டைத் திறக்கறான் பாருன்னாரு. அவ்வளவுதான்."

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"அந்த மூணு மணிக்கு நீ எங்க இருந்த?"

மூன்றாவது மாடி, கரும்பலகையின் வலது மூலை. சமன்பாட்டை அழிக்க ஈரப் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

"வகுப்புல, அண்ணி."

அவள் தலையசைத்தாள். பையிலிருந்து கறுப்புக் கையுறைகளை எடுத்து மாட்டினாள். இடது கையின் பொத்தான் துளையில் ஏறவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குனிந்தார். சின்னப் பொத்தான். விரல்களில் நழுவிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் படியில் காத்து நின்றார்கள்.