என் இடுப்புக்கு இரண்டு அளவு

முப்பத்தாறு வருஷம் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே என் கைக்கும் கண்ணுக்கும்தான் சம்பளம். வயிறு சும்மா கூட வந்து போகும். ஓய்வுபெற்ற பிறகு அதற்குத் தனியாக ஒரு உத்தியோகம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். நானோ எதையும் நம்புகிற ஆள்.

அந்த உத்தியோகத்தைக் கொடுத்தது மாடி வீட்டு மாஸ்டரம்மா. பேன்ட் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியில் கத்திரி படுவதற்கு முன்னால் பேன்ட்டைக் காகிதத்தில் வரைந்து வெட்டுகிற வேலை. ஒருநாள் படிக்கட்டில் நான் இறங்க, அவள் ஏற, வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். என் வயிறு அவளைக் கடந்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. உங்க வயிறு எனக்கு வேணும்."

"எடுத்துக்கோம்மா. யாராவது கேப்பாங்கன்னுதான் இத்தனை வருஷமா சுமக்கிறேன்."

அறுபது தாண்டிய ஆண்களுக்கென்று ஒரு பேன்ட் செய்ய வேண்டும் என்பது அவளுடைய யோசனை. கம்பெனியில் இருக்கிற பொம்மைகளுக்கெல்லாம் வயது முப்பது. கம்ப்யூட்டருக்குள் ஒருவனுக்குத் தொப்பை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவன் உட்காரவும் மாட்டான், குனியவும் மாட்டான். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் சாம்பிளைப் போட்டுக் காட்ட வேண்டும். என் அளவை வைத்துத்தான் மற்ற சைஸ்களைக் கூட்டியும் குறைத்தும் வரைவாள்.

முதல் நாள் அவள் டேப்பை எடுத்த நேரம் பார்த்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இவர்தான் நம்ம தொப்பையா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. மூச்சை இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்றால், ஜன்னல் திரைச்சீலை என் பக்கம் சாய்ந்தது. மாஸ்டரம்மா முப்பத்தெட்டரை என்று எழுதிக்கொண்டாள்.

ஒருதரம் பிடித்த மூச்சை அடுத்த வாரம் எந்த முகத்தோடு விடுவது? நாலு மாதம் செவ்வாய்க்கிழமைதோறும் பிடித்தேன். "உட்காருங்க அங்கிள்" என்பாள். நாற்காலி நுனியில் தளபதி மாதிரி உட்காருவேன். "நல்லா இருக்கா?" "சொர்க்கம்மா" என்பேன், கத்திரிக்காய் நிறத்தில்.

பிறகு பன்னிரண்டு பெரியவர்களுக்குப் பேன்ட்டை அனுப்பி ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பத்துப் பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் காலி சீட் இருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம். இன்னொருவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: 'நின்றால் மாப்பிள்ளை, உட்கார்ந்தால் மூட்டை.'

அடுத்த செவ்வாய் நான் போனபோது அறையில் மேனேஜர், மாஸ்டரம்மா, லேப்காரர் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் துணிமேல் சந்தேகப்பட்டார். "சுருங்கியிருக்கும். முழுக்க இழுபடற துணிக்கு மாறிடலாம்."

"மாறினா சாயங்காலத்துக்குள்ள முட்டியில ரெண்டு பூசணிக்காய் தொங்கும் சார்" என்றாள் மாஸ்டரம்மா.

லேப்பில் துணியைத் துவைத்துப் பரிசோதிப்பவரை எல்லோரும் சோப்பு என்பார்கள். அவர் துணித்துண்டு ஒன்றை மேஜைமேல் போட்டார். அதில் மையால் ஒரு சதுரம். வரைந்து, மூன்று தடவை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்திருக்கிறார். "போன மாதிரியே வந்திருக்கு. துணி மேல பழி போடாதீங்க."

துணி தப்பித்தது. எல்லோருடைய கண்ணும் மாஸ்டரம்மாவின் காகிதத்துக்குப் போனது. மேனேஜர் குரல் உயர்த்தவில்லை. வியாழக்கிழமை மீட்டிங் என்றார். காரணம் தெரியாவிட்டால் இந்தப் பேன்ட்டை மூட்டைகட்டிவிட்டு, அவள் பழையபடி செக்கிங் மேஜையில் தையல் பார்க்கப் போக வேண்டியிருக்கும் என்றார். அவள் தலையாட்டினாள். பத்து வருஷம் அந்த மேஜையில் நூல் கத்தரித்துவிட்டு இங்கே வந்தவள்.

நான் மூச்சைப் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவியிடம் துணி, சதுரம், பூசணிக்காய் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாண போட்டோவுல மூச்சைப் பிடிச்ச மாதிரி அங்கயும் பிடிச்சீங்களா?"

துண்டை எடுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

"நாலு மாசமா?"

"செவ்வாய்க்கிழமை மட்டும்தான்."

"காலையில முதல் வேலையா போய் அதை விட்டுட்டு வாங்க. உங்க அழகுக்கு அந்தப் பொண்ணு பலியாகணுமா?"

புதன்கிழமை காலை போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். திரும்பிவந்த பேன்ட்டில் ஒன்றை மாட்டிக்கொண்டு, "தப்பு துணியிலயும் இல்ல, காகிதத்துலயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மூச்சை விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், சுவர் காலண்டரில் இரண்டு மாதம் தாண்டிப் போனது. பொத்தான் பறந்து சோப்பின் டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்து, "சாயம் போகலை" என்றார்.

மாஸ்டரம்மா டேப்பைப் போட்டாள். நின்றால் நாற்பத்தொன்றரை. உட்கார்ந்தால் நாற்பத்துமூன்றரை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அங்கிள், அந்த மூச்சை இன்னொரு தடவை பிடிங்க."

பிடித்தேன். அளந்தாள். விடச் சொன்னாள், அளந்தாள். நாலு தடவை.

"சார்," என்று மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இவர் மட்டும் இல்ல. கடையில கண்ணாடி முன்னாடி நிக்கிற எல்லாரும் இதைத்தான் செய்வாங்க. சைஸ் கேட்டா பிடிச்ச அளவைத்தான் சொல்லுவாங்க. வீட்டுக்குப் போய் விட்ட வயித்தோட உட்காருவாங்க. நம்ம பேன்ட் ரெண்டு பேருக்கும் சரியா இருக்கணும்."

அன்றே வெட்டினாள். துணி அதே பருத்தி, முட்டி தொங்காது. பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள், உட்கார்ந்தால் முதுகு தெரியாதிருக்க. இடுப்புப் பட்டைக்குள் இரண்டு பக்கமும் ஸ்வெட்டரின் மணிக்கட்டில் வருமே, அந்த ரிப் பின்னலை ஒளித்துவைத்துத் தைத்தாள். பட்டை முப்பத்தெட்டரையில் ஆரம்பிக்கும். பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் விட்டுக்கொடுக்கும். வெளியே சட்டை நுனி மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் நாற்காலி முழுக்க உட்கார்ந்தேன். குனிந்து ஷூ கயிறு கட்டினேன். கட்டியிருந்ததை அவிழ்த்து மறுபடி கட்டினேன். என் ஷூவை நானே பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கருப்பு என்று நினைத்திருந்தேன், பழுப்பு.

அதே பன்னிரண்டு பேருக்கும் மறுபடி அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை பதினொரு பேர் வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாமவர் மட்டும் திருப்பி அனுப்பினார், வேறு நிறம் கேட்டு. மாஸ்டரம்மா அவளுடைய அறையிலேயே இருக்கிறாள். செக்கிங் மேஜைக்கு இப்போது அந்தப் பேன்ட்தான் போகிறது.

"நாலு மாசத்தை வீணாக்கிட்டேனேம்மா. ஒரு வார்த்தைகூட திட்டலையே" என்றேன் ஒருநாள்.

"திட்ட நேரம் எங்க இருந்துச்சு? நீங்க பிடிக்காம இருந்திருந்தா நாற்பத்தொன்றரைக்கு ஒரு பேன்ட் தைச்சிருப்பேன். அதைக் கடையில ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க."

அவள் மனசு அப்படி. என் முட்டாள்தனத்தைக்கூட அளந்து அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். அவள் அலமாரியில் என் சைஸ் பேட்டர்னைத் தேடினால் இரண்டு வரி இருக்கும்: பிடித்தால் இவ்வளவு, விட்டால் இவ்வளவு. என் உண்மையான அளவை இத்தனை மரியாதையாக யாரும் எழுதியதில்லை.

போன செவ்வாய் மேனேஜர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "எனக்கும் ஒண்ணு போடலாமா?"

மாஸ்டரம்மா டேப்பை எடுத்தாள். அவர் நிமிர்ந்தார். ஜன்னல் திரைச்சீலை மெதுவாக அவர் பக்கம் சாய்ந்தது.

"எழுதிட்டேன் சார்," என்றாள் அவள். "இப்ப விடுங்க."