கம்சாயினி ஒட்டிய கைப்பிரேக்

"அப்ப நான் போகட்டோ?" என்று கேட்டான் றெஜினோல்ட்.

"உங்கடை விருப்பம்," என்றாள் கம்சாயினி.

"நீர் சொல்லும். ஸ்தவாங்கர் கிட்டடியில்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வீட்டை வரலாம்."

"அதுதான் சொல்லிப்போட்டனே, உங்கடை விருப்பம் எண்டு."

"உமக்கு ஒரு பிரச்சினையும் இல்லையோ?"

"எனக்கென்ன பிரச்சினை?"

ஏழு வருடங்களுக்கு முன், நோர்வேயில் ரொம்மன் என்ற புறநகரில் அவர்களுடைய மாடிக் குடியிருப்பின் கீழே, கார் தரிப்பிடத்தில் நடந்த பேச்சு அது. கம்சாயினியின் அம்மா 'உங்கடை விருப்பம்' என்று சொன்னால், வெளியே புறப்பட்ட அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பேசாமல் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சொல்லுக்கு அவர்கள் வீட்டில் அதுதான் பொருள். றெஜினோல்ட் எட்டு வயதில் நோர்வேக்கு வந்து, நோர்வே நாட்டவரோடு படித்து வளர்ந்தவன். இங்கே ஒருவர் 'உன் விருப்பம்' என்றால் உன் விருப்பம் என்றுதான் அர்த்தம். அவன் மனைவியின் கன்னத்தில் முத்தமிட்டு நன்றி சொல்லிவிட்டு ஸ்தவாங்கரில் போய் வேலையில் சேர்ந்தான். எண்ணெய்த் தளங்களுக்குச் சாமான் ஏற்றும் கிடங்கொன்றில் மேற்பார்வை வேலை.

'போகாதேங்கோ' என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவள் அதன் பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவனுடைய பையை மடித்து அடுக்கிக் கொடுத்தாள். இப்போது கம்பனி இன்னும் இரண்டு வருடம் கேட்டிருந்தது. திங்கட்கிழமை அவன் பதில் சொல்ல வேண்டும். போனில் இதைச் சொன்னபோது அவள் "ம்" என்றாள். அவன் அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டிருப்பான்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவளுக்குக் காரோடு ஒரு பாடு தொடங்கியிருந்தது.

அது தொண்ணூறுகளில் செய்த பென்ஸ். அதில் கிளட்ச்சும் இல்லை, கைப்பிரேக்கும் கிடையாது. காரை நிறுத்தியதும் இடது காலால் ஒரு பெடலை அடிவரை மிதிக்க வேண்டும். போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவளுக்கு அந்த ஒரு மிதி உயிரைப் பிடுங்கியது. கைப்பிரேக் போட்டுத் தரக் கேட்டபோது கராஜ்காரர் இந்தப் பழசுக்கு இவ்வளவு வேலையா என்று கையை விரித்தார். றெஜினோல்ட் போனில் "வில்லும்" என்றான். அவன் அங்கிருந்துகொண்டு விற்கச் சொன்னதனாலேயே அவள் விற்கவில்லை. பக்கத்துக் குரோருட்டில் மாலை நேரத்து வெல்டிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்யும் அவளுக்கு முகமூடியும் கையுறையும் புதிதல்ல. தீப்பொறிதான் புதிது. பக்கத்து மேசையில் பூங்கோதை என்ற சேலத்துக்காரி பால்கனிக்குப் பூத்தொட்டி ஸ்டாண்ட் செய்துகொண்டிருந்தாள்.

"என்ன கம்சா, பத்த வெச்சுட்டீங்களா?"

"ஐயோ, எதை?" கம்சாயினி பதறிப்போய்த் தன் ஏப்ரனைத் தட்டிப் பார்த்தாள்.

"வெல்டிங்கத்தாங்க கேட்டேன்! எங்க ஊர்ல பத்த வெக்கிறதுன்னுதான் சொல்லுவோம்."

"எங்கடை ஊரிலை பத்த வைக்கிறதெண்டால் கொளுத்துறது. நாங்கள் ஒட்டுறது எண்டுதான் சொல்லுறது."

"ஒட்டுறதா? என்னங்க இது, ஸ்டாம்பா?"

முதலில் ஒட்டியது ஏறத்தாழ ஸ்டாம்ப் கதைதான். மீன் செதில்போல வரிவரியாக அழகாக வந்திருந்த ஒட்டைப் பூங்கோதை போட்டோ எடுத்தாள். ஆசிரியர் வந்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தகடு கழன்று மேசையில் விழுந்தது. மேலே உருகி ஓடிய இரும்பு கீழே இருந்த இரும்புக்குள் இறங்கவேயில்லை. கம்சாயினிக்கு இது விளங்கியது. சொத்தையைச் சுரண்டாமல் மேலே பூசிய அடைப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதை அவள் தினமும் பார்க்கிறாள். அதன் பிறகு பெயின்ட்டையும் துருவையும் வெறும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்தாள். மின்சாரத்தைக் கூட்டினாள். கையை மெதுவாக நகர்த்தினாள். கழிவுத் துண்டுகளை ஒட்டுவதும் சுத்தியலால் அடித்துப் பார்ப்பதுமாக வாரங்கள் போயின. ஒருநாள் தகடு வளைந்தது, ஒட்டு அசையவில்லை.

பிறகுதான் காரைத் தொட்டாள். பழைய கார்களை உடைக்கும் இடத்தில் ஒரு கைப்பிரேக் லீவர் எடுத்தாள். ஓட்டுநர் சீற்றில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது கையை இரண்டு சீற்றுகளுக்கும் நடுவே தொங்கவிட்டாள். கை போய் நின்ற இடத்தில் சோக்கால் கோடு போட்டாள். பின்னர் சீற்றைக் கழற்றி, தரை விரிப்பைச் சுருட்டி, பேற்றரி வயரை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டில் தடித்த தகடொன்றை ஒட்டினாள். தீயணைப்பானோடு காவல் நின்ற பூங்கோதை, "பத்திக்கிச்சுன்னா நான் உங்களத்தான் முதல்ல அணைப்பேன்" என்றாள். லீவரைப் பூட்டி, பின் சக்கரங்களுக்குப் போகும் கேபிளைக் கொளுவி, சீற்றைத் திரும்ப வைத்தாள். முன் போல்ட்டுகளை இறுக்குவதற்காகச் சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். ஸ்பானர் எட்டிய அளவில் அவற்றை இறுக்கிவிட்டு, பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை றெஜினோல்ட் வந்தான். மகள் யதுர்ஷாவைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, இருவரும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏற்றத்துக்குக் காரைக் கொண்டுபோனார்கள். கம்சாயினி பாதி ஏற்றத்தில் நிறுத்தி, லீவரை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டாள். இரண்டு காலையும் தூக்கிக் காட்டினாள். கார் அசையவில்லை.

"அட!" என்றான் றெஜினோல்ட். குனிந்து ஒட்டு வேலையைத் தடவிப் பார்த்தான். "என்னப்பா இது, ஒரு மனிசியை நம்பி விட்டிட்டுப் போனால் இப்பிடியே? எங்கடை கிடங்கிலை வெல்டர் இல்லாமல் திண்டாடுகினம். வாரும், சேத்துவிடுறன்."

"பகிடி விடாதேங்கோ. இன்னும் பரிசோதனைக்குக் கொண்டுபோகேல்லை. அவங்கள் பாத்து ஓம் எண்டு சொல்லவேணும்."

"சொல்லுவாங்கள். இறங்கும், நானும் ஒருக்கா இழுத்துப் பாக்கிறன்."

காரைச் சமதரைக்குக் கொண்டுவந்து நிறுத்தி அவள் இறங்கினாள். அவன் உயரமான மனிதன். தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, சீற்றுக்குக் கீழே இருந்த பிடியைத் தூக்கிப் பின்னுக்குத் தள்ளினான். சீற் கொஞ்சம் நகர்ந்து 'டங்' என்று நின்றது. இன்னொரு தரம் தள்ளினான். மீண்டும் அதே சத்தம்.

"ஏதோ இடிக்குது."

"வடிவாத் தள்ளுங்கோ."

"தள்ளிறன் தானே! வந்து பாரும்."

பின் கதவைத் திறந்து அவள் எட்டிப் பார்த்தாள். சீற்றின் இரும்புச் சட்டம் அவள் ஒட்டிய தகட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. றெஜினோல்ட் விடாமல் எப்படியோ உடலை மடித்து உள்ளே இருந்துவிட்டான். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் காதுபோல எழும்பி நின்றன. முகவாய் ஹோர்னுக்குக் கிட்ட இருந்தது.

"யதுர்ஷா கண்டால் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாள்," என்று சிரித்தான். "நீர் என்னை நினைக்கவே இல்லைப் போலை."

பகிடியாகத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. சீற் பின்னுக்குப் போகும் ஒரு பொருள் என்பதே அவளுக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கோபத்தில் செய்திருந்தால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும். அப்படியும் இல்லை. எவ்வளவு கவனமாக அளந்தாள், எத்தனை தரம் சரிபார்த்தாள், அவ்வளவு கவனத்திலும் அவன் இல்லை. இன்னும் இரண்டு வருடம் போனால் சாப்பாட்டு மேசையும் கட்டிலும்கூட இப்படித்தான் ஆகிவிடும் என்று தோன்றியது. யாரும் யாரையும் வெறுக்காமலே ஆகிவிடும்.

அவன் சிரமப்பட்டு வெளியே வந்து முழங்காலைத் தேய்த்தான்.

"பரவாயில்லை, விடும். இவ்வளவு பாடுபட்டு ஒட்டியிருக்கிறீர். மாசத்திலை ரெண்டு தரம் வாறவனுக்காக இதை வெட்டுறதே? நான் பக்கத்துச் சீற்றிலை இருக்கிறன்."

"வெட்டத்தான் வேணும்."

"ஏன், உமக்கு எட்டுதுதானே?"

"எனக்கு எட்டும். உங்களுக்கு இடமில்லையே."

"நான் எங்கையப்பா கார் ஓடப்போறன்? திங்கள் அவங்களுக்குப் பதில் சொன்னால், இன்னும் ரெண்டு வருஷம் நான்…"

"பதில் சொல்லுங்கோ," என்றாள் அவள். பின்கதவைச் சாத்திவிட்டு அவனுக்கு நேரே வந்து நின்றாள். "ஏலாது எண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் கேக்கேக்கை எனக்குப் பிரச்சினை இருந்தது. வாயைத் திறந்து சொல்லேல்லை, அவ்வளவுதான். இண்டைக்குச் சொல்லுறன். றெஜி, இனி ஸ்தவாங்கருக்குப் போகாதேங்கோ. எங்களோடை வந்து இருங்கோ."