பாதாளராயனின் மச்சம்

கல்யாணம் ஆன நாளாக கௌஷிக் வைஷுவிடம் மறைத்து வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பழைய காதல், புகைப் பழக்கம் என்று எதுவும் இல்லை. அவன் வரைந்து ஓரளவு பேர் வாங்கிய ‘சாமக்காவல்’ படக்கதையில் ஒரு ராட்சசன் வருவான், பாதாளராயன் என்று பெயர். அவன் முகம் வைஷுவின் அப்பா பத்மநாபனின் முகம். அவ்வளவுதான்.

தற்செயலாக வந்த ஒற்றுமை என்று யாரும் அவனுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். வேண்டுமென்றேதான் செய்தான். பெண் கேட்டு ஔந்த் பகுதியில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போன அன்று, ராணுவக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பத்மநாபன் அவனை சோபாவில் உட்கார வைத்து, இடது புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டார்.

“உங்க தொழில் என்ன? படம் வரையறதா. சரி. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?”

பதில் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது. வைஷு பிடித்த பிடிவாதத்தில் கல்யாணமும் நடந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு வீடு திரும்பியதுமே கௌஷிக் காகிதத்தை எடுத்திருந்தான். மலைக்கோட்டை வாசலில் ஒரு ராட்சசன். பேய் வேட்டைக்கு வருகிறவனை மறித்து, உன் தொழில் என்ன, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் தலையைக் கொய்துவிடுவான். உயர்ந்த இடது புருவம், வலது கன்னத்து மச்சம், காதுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முடி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. கொம்பு மட்டும்தான் கௌஷிக்கின் கற்பனை.

கறுப்பு மையில் வரைந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. படக்கதை வீடியோ கேம் ஆனபோதும் பிழைத்தான். அந்த முதல் பாகத்தில் ராட்சசனின் முகம் வேகாத கொழுக்கட்டை மாதிரிதான் வந்திருந்தது. வினை இரண்டாம் பாகத்தில் காத்திருந்தது. பாணேரில் அவன் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு நல்ல கருவிகள் வந்துவிட்டன. கோயம்புத்தூர்ப் பெண் பார்கவி அவனுடைய பழைய ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோலின் துளை வரைக்கும் விடாமல் முகத்தைச் செதுக்கிவிட்டாள். பெரிய திரையில் அதைப் பார்த்ததும் எழுந்து நின்று “வாங்கோ மாமா” என்று சொல்லத் தோன்றியது அவனுக்கு.

சனிக்கிழமை குடும்பத்தாருக்கு முன்னோட்டம். மாப்பிள்ளையின் வேலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பத்மநாபன், இந்தத் தடவை தானே வருவதாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு வருஷமாக, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் “ஐ.டி.ல இருக்கார்” என்று பேச்சை முடித்துவிடுவார். மராத்திப் பேப்பரில் அந்த வீடியோ கேமைப் பற்றிச் செய்தி வந்த பிறகுதான் காலை நடைக்கு வருகிறவர்களிடம் “ஹமாரே தாமாத் கி கம்பெனி”, அதாவது நம்ம மாப்பிள்ளையோட கம்பெனி, என்று இந்தியில் சொல்ல ஆரம்பித்திருந்தார். படம் வரைகிறார் என்பது இன்னும் வாயில் வரவில்லை. இருந்தாலும் அந்த ‘தாமாத்’ ஒன்றைக் காதால் கேட்க கௌஷிக் ஏங்கிக் கிடந்தது அவனுக்குத்தான் தெரியும். சனிக்கிழமையோடு அதுவும் போய்விடும்.

“மூஞ்சியை மாத்திடலாம்” என்றான் பார்கவியிடம்.

“இனி மாத்துனா வசனத்துக்கு வாய் ஒட்டாதுங்க. ஜோஷுவா சாரும் விடமாட்டாரு. இந்த மூஞ்சியைப் பாத்தாலே அவருக்கு வயித்தைக் கலக்குதாம், அதனாலேயே இதுதான் வேணுங்கறாரு.” ஜோஷுவா ஸ்டுடியோவின் முதலாளி. பார்கவி கொஞ்சம் யோசித்தாள். “வேணும்னா இடம் வலமாத் திருப்பிப் போட்டுக் குடுக்கறேனுங்க. அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்லை.”

திருப்பினாள். மச்சம் இடது கன்னத்துக்குப் போனது, வலது புருவம் ஏறிக்கொண்டது. ஏதோ ஒரு அந்நியக் களை வந்துவிட்டது. கௌஷிக் அந்தப் படத்தை வைஷுவிடம் காட்டிப் பரீட்சித்துப் பார்த்தான்.

“எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. ஆனா சொல்லத் தெரியலை” என்று அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தன் சாமர்த்தியத்தை எண்ணி அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை பத்மநாபன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் கோட்டைக் கதவு திறந்தது. பாதாளராயன் மெதுவாகத் திரும்பினான். உன் தொழில் என்ன, அதனால் யாருக்கு என்ன பயன் என்று அரங்கம் அதிரக் கேட்டான்.

பத்மநாபன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவர் கை தானாகக் கன்னத்து மச்சத்தைத் தொட்டது. நேர் எதிரே, அதே பக்கத்தில், ராட்சசனின் மச்சம்.

“தினம் காத்தால ஷேவ் பண்ணிக்கறச்சே இவனைத்தானே பாக்கறேன்” என்றார்.

கௌஷிக்குக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் எல்லோருக்கும் மாமனாரின் முகம் ஒரு விதம். கண்ணாடியில் பார்க்கிற அவருக்கு மட்டும் அது இடம் வலம் மாறினது. திருப்பிப் போட்டு ஊரார் கண்ணிலிருந்து மறைத்து, யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கு மட்டும் துல்லியமாக்கிக் கொடுத்திருக்கிறான்.

“கேள்வியும் என்னோடதுதான்” என்றார் பத்மநாபன், திரும்பாமலே. “இவனைக் கொன்னாத்தான் ஜெயிக்கலாமா?”

“ஆமாம் மாமா.”

“முதல் பாகத்துலயும் கொன்னிருப்பேளே. அப்புறம் எப்படி வந்தான்?”

பொய் சொல்லத்தான் நினைத்தான். வாயில் வந்தது வேறு. “வேற ராட்சசனைப் போட்டுப் பாத்தேன் மாமா. கதை நகரலை. அந்தக் கேள்வியைக் கேக்க ஆள் இல்லேன்னா எனக்கு வரையவே வரலை.”

அதற்குள் ஜோஷுவா கையை நீட்டிக்கொண்டு வந்தார். “சார், நீங்க யாருன்னு தெரியலையே?”

ஐ.டி. என்ற சொல்லுக்காக கௌஷிக் காத்திருந்தான்.

“மேல நிக்கறானே, அவன்தான் நான்” என்றார் பத்மநாபன். “வரைஞ்சது என் மாப்பிள்ளை. படம் வரையறதுதான் அவர் தொழில்.”

ஜோஷுவா சிரித்தார். சிரித்தபடியே திரையைப் பார்த்தார், பிறகு எதிரில் இருந்த முகத்தை. சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். கௌஷிக் தரையில் கிடந்த ஒயரைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது இருவர் மட்டும்தான். பத்மநாபன் உள்ளே மாட்டியிருந்த கண்ணாடியில் பக்கவாட்டாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்.

“எல்லாம் சரி. நிஜமாவே என் காது முடி அவ்வளவு நீளமா?” இடது புருவம் உயர்ந்திருந்தது.

“நிஜம் இன்னும் கொஞ்சம் நீளம், மாமா” என்றான் கௌஷிக். லிஃப்ட் கதவு திறந்தது. தலை கழுத்தில்தான் இருந்தது.