ஞானஸ்நானப் போர்வை

வெள்ளம் வடிந்த பிறகு பீரோவின் கீழ்த்தட்டை இழுத்துத் திறந்தபோது ரோஸ்லினின் கைக்குச் சேற்றுக் கட்டி ஒன்றுதான் வந்தது. பிரித்துப் பார்க்க மனமில்லாமல் அதை அப்படியே ஒரு வாளியில் போட்டாள்.

புயல் மழையோடு தென்பெண்ணையில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்திருந்தது. கட்டில், மெத்தை, மிக்ஸி எல்லாம் தெருவில் கிடந்தன. கணவன் சார்லஸ் மண்வெட்டியால் சேற்றை வழித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அது இன்னா வாளியில?"

"அம்மா போட்ட போர்வை."

சார்லஸ் மண்வெட்டியை ஒரு நிமிடம் நிறுத்தினார். பிறகு வேலையைத் தொடர்ந்தார்.

ரோஸ்லின் வயிற்றில் இருந்தபோது அவள் அம்மா ஆரோக்கியம் வெள்ளை நூலில், குரோஷா ஊசியால் பின்னிய போர்வை அது. நடுவில் பூ வைத்த சின்னச் சின்னக் கட்டங்கள், ஒன்றோடொன்று இணைத்தது. ரோஸ்லினுக்கு அதில் சுற்றித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறகு தம்பி பாக்யராஜுக்கு. அதற்குப் பிறகு ரோஸ்லினின் ஒரே மகள் ஜெனிட்டாவுக்கு. நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த ஜெனிட்டா, முந்தைய மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த வாரமே போர்வையைக் கண்ணில் படாத கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள் ரோஸ்லின். மேல்தட்டில் வைத்திருந்தால் நனைந்திருக்காது.

ஜெனிட்டா விட்டுப்போன இன்னொன்று செடிகள். ஜூஸ் பாட்டில், ஜாம் பாட்டில், எது கிடைத்தாலும் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் தண்டைப் போட்டு வைப்பாள். வேர் விட்டதும் யாருக்காவது கொடுத்துவிட்டு அடுத்த தண்டை வெட்டுவாள். "கணுவுக்குக் கீழ வெட்டணும்மா. கணு இல்லன்னா வேர் வராது" என்று சொல்லிக்கொண்டே கத்தரிப்பாள். அவள் போன பிறகு ரோஸ்லின்தான் தண்ணீர் மாற்றினாள். இப்போது பாட்டில்கள் எங்கே மிதந்து போயினவோ. தொட்டியில் இருந்தவை சேற்றுக்குள் நாறிக் கிடந்தன. ஜன்னல் கம்பியில் சுற்றி மேலே ஏறியிருந்த ஒரே ஒரு கொடி மட்டும் பச்சையாக இருந்தது. அதை வெட்டி, கிடைத்த டம்ளர்களில் போட்டு வைத்தாள்.

போர்வையைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். அன்றைக்குத்தான் வில்லியனூரிலிருந்து பாக்யராஜ் போன் செய்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவன் மனைவி சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"அக்கா, அம்மாவோட போர்வை உங்கிட்டதான கீது? நம்ம பாப்பாவுக்கும் அதுலதான் ஞானஸ்நானம் குடுக்கணும்."

ரோஸ்லின் வாளியைப் பார்த்தாள்.

"கீதுடா. எடுத்தாறேன்."

சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டு ஊறவைத்தாள். தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தாள். சேறு போன பிறகும் பீரோ துருப்பிடித்த கறை ஓரமெல்லாம் இருந்தது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டாள். கறை மங்கியது, போகவில்லை. காய்ந்து எடுத்தபோது நடுவில் பல கட்டங்கள் இற்றுப்போய், விரல் பட்டதும் பூவோடு உதிர்ந்தன.

பாண்டிக்குப் போய் நூல் வாங்கி வந்தாள். சின்ன வயதில் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் பழகிய கைதான். ஆனாலும் ஊசியைப் பிடித்து ரொம்ப வருஷமாகியிருந்ததால் முதல் பூவே கோணிக்கொண்டு போனது. பிரித்தாள். மறுபடி போட்டாள். புது நூலின் வெள்ளை பழையதோடு சேராமல் கண்ணைக் குத்தியது. டீத்தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி அதில் நூலை முக்கி எடுத்துக் காய வைத்தாள். இற்ற கட்டங்களைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, ஓர இழைகள் ஓடிவிடாமல் பிடித்து, புதுக் கட்டங்களை இணைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பாடு? கடையில அழகழகா விக்கிது" என்றார் சார்லஸ்.

"அவன் வாயத் தொறந்து கேட்டிருக்கான்."

சார்லஸ் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்தார். சோறு வடித்திருந்தது, குழம்பும் வைத்திருந்தது. மகள் போன பிறகு அந்த வீட்டில் குழம்பு வைத்த நாட்கள் குறைவு.

டம்ளரில் போட்ட தண்டுகள் ஒவ்வொன்றாக அடியில் கறுத்துக் கொழகொழத்தன. கடைசியில் ஒன்றுதான் கணுவில் வெள்ளையாக முளைத்து நூல் மாதிரி வேர்விட்டது. அதையும் பாப்பா வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தாள் ரோஸ்லின். அப்படி நினைத்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வருகிற நாள் ஒன்றுக்காக அவள் காத்திருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வில்லியனூர் மாதா கோயிலில் ஞானஸ்நானம். காலையிலேயே சார்லஸின் பைக்கில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேய்த்து மடித்த போர்வை ஒரு பையில். செடி ஒரு கண்ணாடி பாட்டிலில், ரோஸ்லினின் மடியில். பாக்யராஜ் கேட்டிலேயே நின்றிருந்தான். பையை வாங்கி, வீட்டுக்குள் எடுத்துப் போகாமல் தன் ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினான்.

"உள்ள வெய்டா. அழுக்காயிடும்."

"அக்கா, இப்பிடி வா." அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான். "தப்பா நெனைக்காத. சுகன்யா பயப்படுது."

"இன்னா பயம்?"

"ஜெனிட்டாவப் போத்துனதாச்சே..."

"உன்னையுந்தான்டா போத்துனாங்க. என்னையும்."

"தெரியுதுக்கா. கேட்டப்ப நான் யோசிக்கல. அவங்கம்மா கேள்விப்பட்டுட்டு, வேணவே வேணாம்னு அழுவுறாங்க. எத்தன வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள..." அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "முன்னாடியே போன்ல சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

ரோஸ்லின் தலையாட்டினாள். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது?" என்றாள்.

"செடிதான? குடு, செடிக்கு இன்னா." அதை வாங்கி ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தான்.

கோயிலில் முயல் படம் போட்ட ரோஸ் டவலில் பாப்பாவைச் சுற்றி வைத்திருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியதும் அது வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். வெளியே வந்து போட்டோ எடுக்கும்போது பாப்பாவை வாங்கக் கை நீட்டினாள். சுகன்யாவின் அம்மா கஸ்தூரி, "பசிக்கு அழுவுது, பால் குடுக்கணும்" என்று குழந்தையைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். குழந்தை அப்போது அழவில்லை.

வீட்டில் பிரியாணிப் பந்தி. ரோஸ்லின் கூடமாட நின்று தயிர்ப் பச்சடி பரிமாறினாள். கஸ்தூரிக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, பேச ஏதாவது வேண்டுமே என்று, "செடி பளபளன்னு கீதும்மா. எங்க வாங்குன?" என்று கேட்டாள்.

நர்சரியில் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் ரோஸ்லினின் நாக்கு வரைக்கும் வந்தது.

"வாங்கலங்க. ஜெனிட்டா வெச்ச கொடி. அதுல வெட்டுனது."

கஸ்தூரி "ஓ" என்றாள். அவள் கை தானாகக் கழுத்து ஜெபமாலையைத் தொட்டது.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது பாட்டில் டிவி பக்கத்தில் இல்லை. வாசலில், செருப்புகளுக்கு அந்தப் பக்கம், வெயிலில் இருந்தது. தண்ணீர் பாதி சிந்தியிருந்தது. சுகன்யா கதவோரம் குழந்தையோடு நின்று, "அண்ணி, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. ரோஸ்லின், "ஆச்சும்மா. புள்ளய வெயில்ல காட்டாத" என்றாள். பாட்டிலை எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் கொக்கியில் இருந்த பையையும் எடுத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

ஏம்பலம் தாண்டி ஒரு டீக்கடையில் சார்லஸ் வண்டியை நிறுத்தினார். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டீயை வாங்கி அவள் கையில் கொடுத்தார். தன் டீயைக் குடிக்காமல் ரோட்டையே பார்த்தபடி நின்றார்.

"புள்ளயத் தூக்கக்கூட வுடலையே, ரோசு." அவர் குரல் உடைந்தது. மகளைப் புதைத்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. "நம்மள இன்னான்னு நெனைச்சிட்டாங்க இவங்க? நாம இன்னா நோயா?"

கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"வுடுங்க. பயந்துட்டாங்க."

"பயப்பட இன்னா கீது அதுல?"

"எனக்கு ஒரு புள்ள பொறந்து, செத்த புள்ளையோட துணிய யாராச்சும் கொண்டாந்து குடுத்தா, நானும் வாங்க மாட்டேங்க."

சார்லஸ் அவளைப் பார்த்தார். ரோஸ்லின் டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏறுங்க. உங்களுக்கு சாயங்கால ஷிப்ட் கீது."